நிற்கிற வண்டிக்கு வேகம் 87

“மாத்திடலாம் சார்” என்ற இரண்டு சொல் மேல் எனக்குள்ள பகை இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, மோட்டார் பம்ப் என்று எழுதித் தீர்த்தாயிற்று. இந்த வாரம் அது புல்லட் ஏறி வந்துவிட்டது.

ஒரகடம் கார் கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் பார்க்கும் எதிர்வீட்டுத் தம்பி, அப்பாவின் பழைய புல்லட்டில் கேபிள் மீட்டரைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் மீட்டர் பூட்டினான். வாசலில் ஸ்டாண்டு போட்டு நிற்கிற வண்டி, ஸ்டார்ட் ஆனதும் 87 கிலோமீட்டர் வேகத்தில் போவதாகச் சொன்னது. முறுக்கினால் 140. கொண்டுபோன கடையில் முதலில் சென்சாரை மாத்தினார்கள். அப்புறம் மீட்டரை. கடைசியில், “வயரிங் செட்டையே மாத்திடலாம்.” ராயல் என்ஃபீல்டு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் வண்டி செய்கிறது, யமஹாவும் வல்லம் வடகாலில்தான். இத்தனை வண்டி பிறக்கிற வட்டாரத்தில், ஒரு வண்டிக்கு என்ன நோவு என்று உட்கார்ந்து யோசிக்க ஆளில்லையா?

இருந்தார். மணிமங்கலம் ஏரிப் பக்கம் கடை போட்டிருக்கும் மெக்கானிக். எதையும் கழற்றவில்லை. சாவியை மட்டும் போட்டார்: 0. முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினார்; எண் ஏறி இறங்கியது. ஆக, காந்தமும் சென்சாரும் நலம். எஞ்சினைக் கிளப்பினார்: 87. “பிளக்குதான் சார் பேசுது” என்றார். டேங்குக்கு அடியில் சென்சார் வயரையும் பிளக் வயரையும் ஒரே கட்டாக இறுக்கியிருந்தார்கள். பிளக்கில் பொறி பாயும்போதெல்லாம் பக்கத்து வயரிலும் ஒரு துடிப்பு எழும். சக்கரம் ஒரு சுற்று சுற்றியதாக மீட்டர் எடுத்துக்கொள்ளும். வயரைப் பிரித்துத் தனியே கொண்டுபோய், 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் போட்டார். 0. (கேப்பை மாத்தியதை மட்டும் மன்னித்துவிட்டேன்.)

பத்தி இங்கே முடிந்திருக்க வேண்டும். ஓட்டிப் பார்த்தால் வேறு வில்லங்கம்: கைபேசியின் ஜி.பி.எஸ். 60 என்கிறது, மீட்டர் 54 என்கிறது.

கேபிள் மீட்டரில் இந்தத் தொல்லை நம் தலைக்கு வராது. 1902-இல் பெர்லினில் ஓட்டோ ஷுல்ட்சே காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது: கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும், தொடாமல் கவிந்திருக்கும் அலுமினியக் கிண்ணம் அந்த இழுப்பில் கூடவே திரும்பப் பார்க்கும், சுருள்வில் பிடித்து நிறுத்தும், கிண்ணத்தோடு முள் நகரும். 1975-இல் தொடங்கிய கோவை பிரிக்கால் மாதிரியான கம்பெனிகள் அந்தந்த வண்டிக்கு அளந்தே மீட்டரை அனுப்பும். கடையில் வாங்கிப் பூட்டும் டிஜிட்டல் மீட்டருக்கோ சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். ஒரு சுற்று எத்தனை மில்லிமீட்டர் என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும். டப்பாவிலிருந்து வந்தபடியே 1,800 என்று கிடந்தது. 17 அங்குலச் சக்கரத்துக்குப் பொருந்தும்; புல்லட்டுக்கு 19. டயரில் சாக்பீஸ் கோடு கிழித்து, தம்பியை மேலே உட்காரவைத்து, ஒரு சுற்று தள்ளித் தரையில் டேப் பிடித்தோம். 2,000-ஐ ஒட்டி வந்தது. ஆள் உட்காராமல் அளந்தால் கொஞ்சம் கூடும், காற்று இறங்கினால் குறையும்.

2,000 போட்டால் உண்மை வேகம். ஆனால் கம்பெனி மீட்டர் அப்படி உண்மை பேச வேண்டியதில்லை! ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிப்படி, மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம். மோட்டார் சைக்கிளுக்கு 10 சதவீதமும், அதற்கு மேல் 8 கிலோமீட்டரும். நிஜத்தில் 100-இல் போகிறவனுக்கு 118 வரை சொல்லலாம். மெதுவாகத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு யாரும் விழுந்து சாகக்கூடாது என்ற நல்லெண்ணம்.

இப்படிக் கூட்டிச் சொல்வது எங்கள் ஊருக்குப் பழக்கமானதுதான். 642 வாக்கில் நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியை மணிமங்கலத்தில் தோற்கடித்தான். அவன் பேரன் பரமேஸ்வரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு அதோடு விடுமா? புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி, அதில் வெற்றி என்று எழுதினான் என்கிறது. அரசன் பெருமையைக் குறைத்துச் சொன்ன செப்பேடு எதையும் நான் கண்டதில்லை. 39-ஆம் விதியும் அதே செப்பேட்டு மரபுதான், உச்சவரம்பு மட்டும் கட்டியிருக்கிறது.

மிகைபேசுவதில் மீட்டருக்கு மீட்டர் ஒரு வித்தியாசம் உண்டு. கேபிள் மீட்டரில் முள் மிகைபேசினாலும் தூரம் எண்ணும் பற்சக்கரங்கள் கேபிளோடு நேரடியாகக் கோத்தவை. அந்த மிகை அவற்றைத் தொடாது. இந்த மீட்டரில் வேகத்துக்கும் தூரத்துக்கும் ஒரே எண். பாதுகாப்புக்கு என்று 2,200 போட்டால் 60-ஐ 66 என்று காட்டும், விதிக்கு உட்பட்டதுதான். ஓடாத தூரமும் சேர்ந்து ஏறும். இதை விளக்கி முடிக்கும் முன்பே தம்பி கேட்டான்: “அப்போ மைலேஜும் கூடுமா சார்?”

“லிட்டருக்கு 35 தர்ற வண்டி 38.5 தர்ற மாதிரி தெரியும்” என்றேன்.

2,200 போட்டுவிட்டான். கம்பெனி பஸ்ஸில் கூட வருகிறவர்களிடம் ஏற்கெனவே 40 என்று சொல்லிவைத்திருக்கிறானாம்.