கணினியின் வழுவும் நமது வழுவமைதியும்

இலக்கண வகுப்பில் வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் மூன்றையும் ஆண்டுதோறும் நடத்தி வருகிறோம். யானை மேய்ப்பவனைப் பாகன் என்பது வழாநிலை. இடையன் என்பது மரபு வழு. பசுவைக் கண்ட மகிழ்ச்சியில் அதனை ‘அம்மை’ என்றழைப்பது வழுவமைதி. வழுவே ஆயினும் தக்க காரணம் இருப்பின் அமைத்துக் கொள்ளலாம் என்று நம் இலக்கணிகள் இடமளித்தனர். கணினித் துறையினர் மென்பொருட் பிழைக்குத் தமிழில் தேர்ந்துகொண்ட சொல்லும் ‘வழு’ என்பதே. பொருத்தமான இச்சொல்லைத் துணைக்கொண்டு, புதிய வடிவில் வரும் இயக்க முறைமைகளைப் பற்றிப் பயன்படுத்துவோர் கூறும் குறைகளை ஈண்டு ஆராயலாம்.

கணினி புதுப்பிக்கப்பட்ட மறுநாள் நம் ஆசிரியர் அறைகளில் எழும் முணுமுணுப்பை யாவரும் கேட்டிருப்போம். “இருந்தது இருந்த இடத்தில் இல்லை” என்பார் ஒருவர். “பழையதே நன்றாயிருந்தது” என்பார் மற்றொருவர். இவை யாவும் முதியோரின் பிடிவாதம் என்று இளைஞர் நகைப்பர். பழையன நீங்கிப் புதியன வருதல் காலத்தின் இயல்பு என்பதை நன்னூலாரே உடன்பட்டிருக்க, புதுமையை வெறுப்பது தமிழ் படித்தவர்க்கு அழகன்று. ஆயினும், புதியது என்பதாலேயே ஒன்று வழாநிலை ஆகிவிடுமா என்பதுதான் கேள்வி.

உலகறிந்த சான்று ஒன்றைக் காண்போம். 2012 அக்டோபரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 8 என்னும் பதிப்பை வெளியிட்டது. 1995 முதல் திரையின் இடப்புற மூலையில் மக்கள் பழகியிருந்த ‘ஸ்டார்ட்’ பொத்தான் அதில் நீக்கப்பட்டது. தொடுதிரையை மனத்திற்கொண்டு, திரை முழுவதும் வண்ணக் கட்டங்கள் பரப்பப்பட்டன. விசைப்பலகையும் சுட்டியும் கொண்டு பணிபுரிந்த கோடிக்கணக்கானோர் திகைத்தனர். கணினியை அணைக்கும் வழியையே பலர் தேட வேண்டியதாயிற்று. இதனை மரபு வழு எனலாம். பொறி பழுதாகவில்லை; பயன்படுத்துவோரின் வழக்கே முறிக்கப்பட்டது. குறைகூறும் குரல்கள் பெருகவே, 2013 அக்டோபரில் வந்த 8.1 பதிப்பில் அப்பொத்தான் திரும்பியது. 2015 சூலையில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் பழைய பட்டியலும் புதுக்கோலத்தில் மீண்டது. மக்கள் வழக்கின் முன் மாபெரும் நிறுவனமும் பணிந்தது என்பதே இதன் பொருள்.

மற்றொரு சான்று இதனினும் கடுமையானது. 2018 அக்டோபர் தொடக்கத்தில் வெளிவந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு, சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. சில நாள்களிலேயே அதன் வழங்கல் நிறுத்தப்பட்டு, திருத்தப்பட்ட பின் நவம்பரில் மீண்டும் வெளியிடப்பட்டது. இதில் கருதத்தக்க செய்தி யாதெனில், முன்னோட்டப் பதிப்பைச் சோதித்தவர்களுள் சிலர் இவ்வழுவை வெளியீட்டிற்கு முன்னரே தெரிவித்திருந்தனர் என்பதாகும். அம்முறையீட்டை வழிமொழிந்தோர் சிலரே ஆதலின், அது கவனம் பெறாமற் போயிற்று. பின்னரே அந்நிறுவனம், முறையீட்டின் எண்ணிக்கையோடு பாதிப்பின் கடுமையையும் குறிக்க வழி செய்தது. சிறுபான்மையோர் குரலைத் தலையெண்ணி மட்டும் அளந்தால் நேரும் இழப்பிற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, நம் நிலைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறைக்குப் புதிய கணினி வந்தது. என் ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வேட்டை அதில் திறந்தேன். இரண்டாண்டு உழைப்பு ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாய்த் திரையில் கிடந்தது. புதிய இயக்க முறைமையைக் கடிந்துகொண்டேன். கணினித் துறை நண்பர் ஒருவர் வந்து பார்த்து, “பழுது கணினியில் இல்லை ஐயா, நீங்கள் தட்டச்சு செய்த எழுத்துரு இதில் இல்லை” என்றார். அக்காலத் தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. ஒருவர் அமர்த்திய முறை மற்றொருவரதன்று. எழுத்துரு நீங்கினால் தமிழும் நீங்கும். பழைய எழுத்துருவை அவர் நிறுவியதும் ஆய்வேடு உயிர்த்தெழுந்தது. வழு என்னுடையதே என்றுணர்ந்து நாணினேன்.

அன்று என் நன்னிமாவின் நினைவு வந்தது. அவர் ஓதி வந்த அரபுத்தமிழ் நூல்கள் இன்றும் எங்கள் வீட்டுப் பேழையில் உள்ளன. மொழி தமிழ்; எழுத்து அரபு வரிவடிவம். தாள் சிதையவில்லை, மை மங்கவில்லை. படிப்பதற்குத்தான் வீட்டில் ஆளில்லை. வரிவடிவத்தை அறிந்தவர் மறைந்தால் நூல் இருந்தும் இல்லாததாகும். எழுத்துருவை இழந்த என் ஆய்வேடும் அத்தகையதே அன்றோ?

இந்நோய்க்கு மருந்து காணும் முயற்சிகள் நடந்தே வந்துள்ளன. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்இணையம் 99 மாநாடு, விசைப்பலகைக்கும் குறியீட்டிற்கும் பொதுத்தரம் காண வழிகோலிற்று. 2010-இல் தமிழக அரசு யூனிகோடு எனப்படும் ஒருங்குறியை ஏற்றது. நம் மாநகரின் பெயரைத் தாங்கிய ‘மதுரைத் திட்டம்’ 1998 பொங்கல் நாளன்று தொடங்கப் பெற்றது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகெங்கும் உள்ள தமிழார்வலர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தளித்தனர். தொடக்கக் காலக் குறியீடுகளில் ஏற்றியவற்றைப் பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றினர். ஓலை சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்த நம் முன்னோர் நெறி இதுவே.

ஒருங்குறியும் முழுமையான வழாநிலை அன்று. நம் நெடுங்கணக்கில் இறுதியில் நிற்கும் றகர னகரங்கள், அதில் முறையே ரகரத்தையும் நகரத்தையும் அடுத்து இடம்பெற்றுள்ளன. ழகரமோ ளகரத்தின் பின் நிற்கிறது. தமிழுக்குரிய அகரவரிசை விதியைச் சேர்க்காத மென்பொருளில் நூற்பட்டியலை வரிசைப்படுத்தினால், அது தமிழ் வரிசையாக அமைவதில்லை. சொல்லடைவு தயாரித்த மாணவர் அனைவரும் இத்துன்பத்தை அறிவர். அறிந்தும் என்ன செய்தோம்? கையால் திருத்திக்கொண்டு வாளாவிருந்தோம். இதுவே நம் வழுவமைதி!

இலக்கணிகள் வழுவை அமைத்தது தக்க காரணம் பற்றி. நாமோ சோம்பலும் கூச்சமும் பற்றி அமைத்துக்கொள்கிறோம். தேநீர்க் கடையில் குறை கூறுகிறோம். ஆக்கியோர் செவிக்கு எட்டுமாறு ஒரு வரியும் எழுதுவதில்லை. மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பேருந்தேறி வரும் மாணவர், கணினி தவறும்போதெல்லாம் “எனக்குத்தான் தெரியவில்லை” என்று தம்மையே நொந்துகொள்வதை வகுப்பில் காண்கிறேன். அறியாமை நம்முடையதாயின் கற்போம், நான் கற்றதுபோல. வழு கருவியினுடையதாயின் அதனை எடுத்துரைப்போம். இரண்டையும் பிரித்தறியும் ஆற்றலே கல்வி.

விண்டோஸ் 10 பதிப்பிற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. கணினிகள் மாறும், எழுத்துருக்கள் விடுபடும். எனவே மூன்று செயல்களை வேண்டுகிறேன். ஒவ்வொரு துறையும் தன் பழைய ஆய்வேடுகளையும் மலர்களையும், பழைய எழுத்துரு கைவசம் உள்ளபோதே, ஒருங்குறிக்கு மாற்றி இரண்டு இடங்களில் பாதுகாக்க வேண்டும். குறை காணும் மாணவர், எப்போது, எச்செயலின்போது, என்ன நேர்ந்தது என்று தெளிவாக எழுதித் திரைப் படத்துடன் உரியவர்க்கு அனுப்பப் பழக வேண்டும். ஒருவர் எழுதியதைப் பலர் வழிமொழிய வேண்டும். 2018-இல் தனித்து நின்ற முறையீடுகளுக்கு நேர்ந்த கதி நமக்கு வேண்டா.

என் நன்னிமாவின் நூல்களைப் படிக்க வீட்டில் ஆளில்லாமற் போனதற்கு எவர் மீதும் நான் பழி கூறேன். நம் மாணவரின் உழைப்பை நாளைய தலைமுறை படிக்க இயலாமற் போனால், அப்பழி நம்மையே சாரும். வழுவை வழுவென்று உரைப்போம், காரணமின்றி அமையோம்.