தோற்ற அணியின் நாயகன்

இறுதி ஆட்டத்தில் ஓர் அணி 13 கோல்கள் வாங்குகிறது. திருப்பிப் போட்டது வெறும் 4. ஆட்டம் முடிந்ததும் போட்டித் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று அறிவிக்கப்படுகிறவர், அந்தத் தோற்ற அணியின் கோல் கீப்பர்!

கேலி செய்வதற்காக யாரும் கொடுத்த விருதல்ல இது. 1950-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் நடந்த கல்லூரிகளுக்கான தேசிய ஐஸ் ஹாக்கிப் போட்டி அது. கோப்பை உள்ளூர் அணியான கொலராடோ கல்லூரிக்குப் போனது. விருது பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் பெவின்ஸுக்கு. அதற்கு முன்பும் இதே கதைதான். போட்டி தொடங்கிய 1948-ல் மிச்சிகன் ஜெயித்தது. விருது டார்ட்மத் கல்லூரியின் ஜோ ரைலிக்கு. 1949-ல் பாஸ்டன் கல்லூரி ஜெயித்தது. விருது மறுபடியும் டார்ட்மத்துக்கு, கோல் கீப்பர் டிக் டெஸ்மண்டுக்கு. ஆக முதல் மூன்று வருடமும் கோப்பை ஒரு பக்கம், விருது மறுபக்கம்.

கொஞ்சம் யோசித்தால் இதில் நியாயம் இருக்கிறது. தடுப்பு பலமாக உள்ள அணியின் கோல் கீப்பருக்குப் பாதி நேரம் வேலையே இருக்காது. பலவீனமான அணியின் கோல் கீப்பரைத்தான் ரப்பர் வட்டு ஓயாமல் தேடி வரும். ஸ்கோர் போர்டில் உள்ளே போனதற்கு மட்டுமே கணக்கு உண்டு. அவர் தடுத்தவற்றை, உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் எண்ண வேண்டும்.

நம் கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது புதிதல்ல. 2003 உலகக் கோப்பையில் 673 ரன் எடுத்த சச்சினும், 2023-ல் 765 ரன் எடுத்த விராட் கோலியும் தொடர் நாயகர்கள். இருமுறையும் கோப்பையைத் தூக்கிச் சென்றது ஆஸ்திரேலியா. ஹாக்கியில் தன்ராஜ் பிள்ளை இருக்கிறார். 2002-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த சாம்பியன்ஸ் டிராபியில் இந்தியாவுக்குக் கிடைத்தது நாலாவது இடம். பாதித் தொடரில் பயிற்சியாளரையே மாற்றிய குழப்பம் வேறு. ஆனாலும் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் தன்ராஜ்தான். மெடல் இல்லாத அணியில் இருந்தவரைத் தேடி விருது வந்தது.

தன்ராஜ் புனே அருகே கட்கியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த தமிழர். உடைந்த மட்டைகளைக் கட்டி வைத்துக்கொண்டு ஆடிப் பழகியவர். அப்படிப்பட்ட தொழிலாளர் குடியிருப்புகளில் நமக்கு மிகவும் தெரிந்தது கோலார் தங்க வயல். அங்கே ஒரு சுரங்கத்தின் பெயரே சாம்பியன் ரீஃப்!

வட ஆற்காட்டிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கம் அது. ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். பாறை எப்போது வெடித்துச் சிதறும் என்று சொல்ல முடியாது. தப்பி மேலே வந்தவர்களில் பலருக்கு நுரையீரலில் கல் தூசி. சுமார் 120 ஆண்டுகளில் அந்த வயல் கொடுத்த தங்கம் 800 டன் அளவுக்கு இருக்கும்.

கடைசியில் 2001 பிப்ரவரி 28-ல், நஷ்டம் என்று கணக்குக் காட்டி பாரத் கோல்ட் மைன்ஸ் மூடப்பட்டது. ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியது. தாதுவில் தங்கம் குறைந்தது. உலகச் சந்தையில் அப்போது ஓர் அவுன்ஸ் தங்கம் 300 டாலருக்கும் கீழே. (2025-ல் அது 4,000 டாலரைத் தாண்டியது.) தாதுவின் தரத்தையும் சந்தை விலையையும் தீர்மானித்தது கூண்டில் ஏறி இறங்கிய தொழிலாளி அல்ல. ஆனால் ஸ்கோர் போர்டில் தோற்றவன் அவன்தான். அந்த வீடுகளின் அடுத்த தலைமுறை விடியும் முன்பே மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறது.

'தோற்றவனுக்கு எதற்கு விருது? அது ஆறுதல் பரிசுதானே' என்று கேட்பவர்கள் உண்டு. ஆறுதல் பரிசு இரக்கத்தில் கொடுப்பது. பெவின்ஸுக்குக் கொடுத்தவர்கள் அவர் ஆடியதைப் பார்த்துக் கொடுத்தார்கள். முடிவையும் உழைப்பையும் தனித்தனியாக எடை போட அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தங்க வயலில் அந்தத் தராசை எடுக்க இன்னமும் நேரம் இருக்கிறது. சுரங்கம் கக்கிய கழிவு அங்கே சயனைட் மேடுகளாகக் குவிந்து கிடக்கிறது. அதில் மிஞ்சிய தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024-ல் கர்நாடக அமைச்சரவை இசைவு கொடுத்தது. கழித்துக் கொட்டிய மண்ணையே மறுபடி எடை போட்டுப் பார்க்கிறார்கள். அதை வெட்டி மேலே அனுப்பியவர்களின் பெயர்களையும் அப்படியே ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கலாம். கை தட்ட அந்த ஊரில் ஆள் இருக்கிறது.