அத்தி பூக்கவே பூக்காதா?

போன வாரம் இதே பகுதியில், 'விதை இருந்தால் அது பூக்கும் தாவரம்' என்று எழுதியிருந்தேன். தப்பு மக்களே!

மாட்டிக்கொண்டது முக்கொம்பில். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடத்தில், கரையோரம் ஓர் அத்தி மரம். அடிமரம் முழுக்கக் காய். "பூக்காமலே காய்க்கிற மரம்டி இது" என்றார் பாட்டி. ப்ளஸ் ஒன் படிக்கும் தம்பி விடவில்லை. "அப்போ இது ஃபெனரோகேம் இல்லையாக்கா?"

விதைத் தாவரங்களின் பழைய பெயர் அது. கிரேக்கத்தில் 'ஃபெனரோஸ்' என்றால் கண்ணுக்குத் தெரிவது, 'காமோஸ்' என்றால் கல்யாணம். ஊரறியக் கல்யாணம்! விதையே இல்லாத பெரணி, பாசி வகையறா கிரிப்டோகேம். அதாவது, ரகசியக் கல்யாணம்.

அத்தி ஊரறியக் கல்யாணக் கூட்டத்தில்தான் சேர்த்தி. ஆனால் பூவை ஒளித்துவைக்கும். ஒரு காயைப் பிளந்து பார்த்தோம். உள்சுவர் முழுக்கப் பொடிப்பொடியாகப் பூக்கள். நுனியிலிருக்கும் துளை வழியே குட்டிக் குளவி நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. பிறகு அதே இடத்தில் விதை.

நான் சறுக்கியது வேறு இடத்தில். பூங்காக்களில் குட்டிப் பனை போல நிற்கும் சைகஸ், கொடைக்கானல் பைன் இரண்டுக்கும் விதை உண்டு, பூ கிடையாது. விதை கனிக்குள் மூடியிருக்காது. இவை ஜிம்னோஸ்பெர்ம். உலகில் சுமார் 1,000 இனங்கள்தான். பூப்பவையோ சுமார் 3 லட்சம். அதனால்தான் 'விதைத் தாவரம்', 'பூக்கும் தாவரம்' இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

பழைய வரியைத் திருத்திவிட்டேன். பாட்டி மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. காய்க்குள் பார்த்தது பூவில்லையாம், புழுவாம்.