ஏலக்காய்ப் பணத்தை எங்கே நடுவது?

2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை விலை போனது போடி, கம்பம், சின்னமனூர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். முந்தைய ஆண்டு கேரளத்தில் பெய்த பெருமழையிலும், அதைத் தொடர்ந்த வறட்சியிலும் செடிகள் அழிந்து வரத்து குறைந்ததே அதற்குக் காரணம். காய் வைத்திருந்தவர் கையில் அந்த ஆண்டு பணம் புரண்டது. 2022-ல் அதே காய் கிலோ ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியது. இடையில் வந்த பணம் என்ன ஆயிற்று என்று கேட்டால் பதில் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். இன்னொரு தோட்டத்தை உச்ச விலையில் குத்தகைக்கு எடுத்தது, வீட்டுக்கு மாடி எழுப்பியது, மீதியைத் தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்குக் கொடுத்தது.

இவற்றில் எதையும் குற்றம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் விலை விழுந்த ஆண்டில் மாதம் பிறந்ததும் வீட்டுக்கு வரும்படி தந்தது இவற்றில் எது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒன்றுமில்லை. நம் விவசாயிகளுக்கு, அதிலும் அறுபது வயதை ஒட்டியவர்களுக்கு, மாதாமாதம் வரும்படி தரும் முதலீடு அவசியம். அந்த வரும்படி நம் மழையையும் நம் விலையையும் நம்பி இருக்கக் கூடாது என்பதே என் கருத்து.

கம்பம் பள்ளத்தாக்கில் எல்லாமே ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கிறது. பெரியாறு அணைத் தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல். அதே தண்ணீரால் ஊறும் கிணறுகளை நம்பித் திராட்சைப் பந்தலும், வாழையும், தென்னையும். மலைக்கு மேலே ஏலத் தோட்டம். 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினையில் குமுளிச் சாலை அடைபட்டபோது மேலே போன ஜீப்புகளும் நின்றன, கீழே கடைகளும் நின்றன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஏல மையங்கள் மூடப்பட்டன. பறிக்க வேண்டிய பன்னீர் திராட்சை கொடியிலேயே கிடந்தது. இந்த மாதிரி நாளில் ஊரில் வட்டிக்குக் கொடுத்த பணமும் திரும்பி வராது. வாங்கியவரும் இதே மழையையும் இதே விலையையும் நம்பியவர்தானே! தோட்டம் வைத்திருப்பவர் தேயிலை, காப்பி கம்பெனிப் பங்குகளைத் தேடிப் போவதும் அப்படித்தான். அந்த மலையில் மழை தப்பினால் இரண்டும் சேர்ந்து அடிவாங்கும்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது நிலையான வட்டி. சுவாரசியமில்லாத விஷயம்தான். ஆனாலும் 2020-ல் நடந்ததைக் கவனித்தால் அதன் அருமை விளங்கும். அந்த ஆண்டு ஏப்ரலில் அஞ்சலகச் சேமிப்புகளுக்கான வட்டியை அரசு குறைத்தது. மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு 8.6-லிருந்து 7.4 சதவீதம், மாத வருமானத் திட்டத்துக்கு 7.6-லிருந்து 6.6 சதவீதம். ஸ்டேட் பாங்கில் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட டெபாசிட்டுக்கே 5.4 சதவீதம் என்றானது. ஆனால் அதற்கு ஓராண்டு முன்பே பணம் போட்டிருந்தவருக்கு, போட்ட நாளில் பேசிய வட்டிதான் ஐந்தாண்டு முடியும் வரை வந்தது. அதே ஆண்டு ரிசர்வ் வங்கி, 2019-20 லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்கு டிவிடெண்டு தரக் கூடாது என்று பாங்குகளுக்கு உத்தரவிட்டது. பாங்கில் டெபாசிட் போட்டவருக்கு வட்டி வந்தது. அந்த பாங்கின் பங்கை வைத்திருந்தவருக்கு ஒரு காசு வரவில்லை. வட்டி என்பது கம்பெனி கட்டியே தீரவேண்டிய பாக்கி. டிவிடெண்டு என்பது லாபம் இருந்து, மனமும் இருந்து, அனுமதியும் இருந்தால் தருவது. இரண்டையும் ஒரே வரும்படியாக எண்ணி வரவு எழுதுவது தவறு.

மூத்த குடிமக்கள் திட்டத்தில் அறுபது வயது நிறைந்த ஒருவர் 30 லட்சம் வரை போடலாம்; மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி. மாத வருமானத் திட்டத்தில் தனிப் பெயரில் 9 லட்சம், கூட்டுப் பெயரில் 15 லட்சம். 2023 ஏப்ரலில் நிர்ணயித்த 8.2 சதவீதமும் 7.4 சதவீதமும் 2025 முடியும் வரை மாறவில்லை. காலாண்டுதோறும் அரசு திருத்துவது என்பதால், பணம் போடும் அன்று உள்ள வட்டியை அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஐந்தாண்டு முடிந்து பணம் கைக்கு வரும் நாளில் வட்டி குறைந்திருக்கலாம். சின்னமனூரில் வாழை போடுகிறவர் முழு நிலத்திலும் ஒரே நாளில் கன்று வைப்பதில்லை. எல்லாத் தாரும் ஒரே வாரத்தில் வெட்டுக்கு வந்து, அந்த வாரம் விலை இல்லாவிட்டால் என்ன செய்வது? டெபாசிட்டையும் அதுபோல ஆண்டுக்கு ஒரு பகுதி முதிரும்படி பிரித்துப் போடலாம்.

பாங்கில் போடும்போது ஒரு பாங்குக்கு ஒருவர் பெயரில் அசலும் வட்டியும் சேர்ந்து 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியில்தான் ஒரு லட்சமாக இருந்ததை 5 லட்சம் ஆக்கினார்கள். மத்திய கூட்டுறவு பாங்குக்கும் இந்தக் காப்பீடு பொருந்தும். ஆனால் கிராமத்தில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்கு இது கிடையாது. ஒரே ஊர், ஒரே மாதிரிப் பெயர்ப் பலகை என்பதால் இந்த வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. (அந்தச் சங்கத்திலேயே வட்டியில்லாப் பயிர்க் கடன் வாங்கி, அதை பாங்கில் டெபாசிட் போட்டு வட்டி பார்க்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை!)

மாதம் இவ்வளவு நிச்சயம் என்று தனியார் யாராவது உறுதி கொடுத்தால், அது எந்த அரசுச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று கேட்க வேண்டும். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்புக்குப் பணம் கட்டியவர்களுக்கும் மாதப் பணம், ஆண்டு போனஸ் என்றுதான் சொன்னார்கள். முதலீட்டாளர் நலனுக்கென்று தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்திருந்தும், அந்தப் பணத்துக்காக விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியதாயிற்று.

சரி, எல்லாவற்றையும் அஞ்சலகத்திலேயே போட்டுவிடலாமா? கூடாது என்பேன். நிலையான வட்டி, பெயரைப் போலவே, நிலையாக நின்றுவிடுகிறது. இன்று மாதம் 10,000 ரூபாய் என்றால் ஐந்தாவது ஆண்டிலும் 10,000 ரூபாய்தான். அதற்குள் கவாத்துக் கூலி, உரம், மருந்து, டாக்டர் செலவு எல்லாம் எங்கேயோ போய்விடும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கூடும் வரும்படியும் கொஞ்சம் வேண்டும். நல்ல கம்பெனிப் பங்குகளின் டிவிடெண்டுக்கு வேலை அங்கேதான்.

பங்கைத் தேர்ந்தெடுப்பதில் நம்மவர் செய்யும் முதல் தவறு சதவீதத்தைப் பார்த்து மயங்குவது. பத்திரிகையில் '550 சதவீத டிவிடெண்டு' என்று வரும். அது பங்கின் முக மதிப்பில் கணக்கு. சென்னை மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் கம்பெனி 2023-24-ம் ஆண்டுக்கு, 10 ரூபாய் முக மதிப்புள்ள பங்குக்கு 55 ரூபாய் தந்தது. கேட்க 550 சதவீதம். ஆனால் அறிவிப்பு வந்த சமயம் சந்தையில் பங்கின் விலை ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. அந்த விலைக்கு வாங்கியவருக்கு வரும்படி ஐந்தரை சதவீதம்தான். அத்தோடு முடியவில்லை. சுத்திகரிப்பில் கிடைக்கும் லாபம் உலகச் சந்தையில் சரிந்ததும், 2024-25-ல் கம்பெனியின் லாபம் முந்தைய ஆண்டில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று. டிவிடெண்டு 5 ரூபாய். பங்கு விலையும் 2025 தொடக்கத்தில் 600 ரூபாய்க்குக் கீழே வந்தது. இதைக் கம்பெனியின் குற்றமென்று சொல்வதற்கில்லை. எண்ணெய்த் தொழிலின் இயல்பு அது. ஆனால் ஏலக்காய் விலையின் ஏற்ற இறக்கத்தால் நொந்துபோன ஒருவர், அதே குணமுள்ள இன்னொன்றை விலை கொடுத்து வாங்குவானேன்?

இன்னொரு விதமான ஆசைகாட்டலும் உண்டு. வேதாந்தா கம்பெனி 2022-23-ல் ஒரு பங்குக்கு 101 ரூபாய் 50 காசு டிவிடெண்டு தந்தது. லண்டனில் உள்ள அதன் தாய் கம்பெனிக்குக் கடன் கட்டப் பணம் தேவைப்பட்ட காலம் அது. அடுத்த ஆண்டு 29 ரூபாய் 50 காசு. திராட்சைக் கொடியில் குலைகளைக் கழிக்காமல் எல்லாவற்றையும் விட்டு வைத்தால் அந்த அறுப்பு கண்ணை நிறைக்கும். அடுத்த கவாத்துக்குப் பிறகுதான் கொடியின் நிலை தெரியும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஒரே ஆண்டின் தொகையைப் பார்க்காமல் பத்தாண்டு வரிசையைப் பார்க்க வேண்டும். ஐ.டி.சி. 2019-20-ல் 10 ரூபாய் 15 காசு தந்தது. 2024-25-ல் 14 ரூபாய் 35 காசு. நடுவில் 2022-23-ல் ஒரு சிறப்பு டிவிடெண்டும் உண்டு. வேகமில்லை, ஆனால் நடை நிற்கவில்லை. சிகரெட்டுக்கு அரசு வரி கூட்டும்போதெல்லாம் பங்கு விலை ஆட்டம் காணும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பவர் கிரிட் போன்ற மின்பாதைக் கம்பெனிகளுக்குக் கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. ஆகவே லாபம் அதிகம் துள்ளாது, அதிகம் விழவும் விழாது. இவற்றை வாங்கச் சொல்லி எழுதவில்லை. என்ன குணத்தைத் தேட வேண்டும் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

கோல் இந்தியாவின் கதை இன்னும் பாடமானது. 2010-ல் அரசு 245 ரூபாய்க்கு விற்ற பங்கு அது. 2015-16-ல் 27 ரூபாய் 40 காசு தந்த கம்பெனி, 2019-20-ல் 12 ரூபாய்தான் தந்தது. 2020-ல் பங்கு விலை 130 ரூபாய்க்கும் கீழே போனது. அந்தச் சமயத்தில் மகள் கல்யாணத்துக்கோ மருந்துக்கோ விற்க நேர்ந்தவருக்கு முதல் பாதியாயிற்று. விற்கத் தேவையில்லாமல் வைத்திருந்தவருக்கு டிவிடெண்டு ஓராண்டும் நிற்கவில்லை. 2024-25-ல் 26 ரூபாய் 50 காசு. போட்ட 245-க்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 11 சதவீதம். இரண்டு பேரும் வாங்கியது ஒரே பங்குதான். ஒருவருக்கு வீட்டுச் செலவுக்கு வேறு வரும்படி இருந்தது, மற்றவருக்கு இல்லை. அஞ்சலகப் பணம் முதலில், பங்கு பிறகு என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். அறுபது வயது கடந்த ஒருவரிடம் கடன் போக 30 லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (கடன் போக என்பது முக்கியம். நகைக் கடனுக்கு 10 சதவீதம் கட்டிக்கொண்டு, 4 சதவீத டிவிடெண்டுக்குப் பங்கு வாங்குவதில் அர்த்தமில்லை.) மூத்த குடிமக்கள் திட்டத்தில் 15 லட்சம் போட்டால் 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு 30,750 ரூபாய். மாத வருமானத் திட்டத்தில் 9 லட்சத்துக்கு 7.4 சதவீதத்தில் மாதம் 5,550 ரூபாய். இரண்டும் சேர்ந்து சராசரியாக மாதம் 15,800 ரூபாய், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வரும். 2 லட்சம் பாங்கில் அவசரத்துக்கு. மிச்சம் 4 லட்சத்தைத்தான் பங்குகளில் போடலாம் என்பேன். அதையும் ஒரே நாளில் வேண்டாம். ஆறேழு கம்பெனிகளில், இரண்டு ஆண்டுகளில் பிரித்து வாங்கலாம். அதிலிருந்து வரும் டிவிடெண்டை முதல் சில ஆண்டுகள் வீட்டுச் செலவுக்குத் தொடாமல் மறுபடி முதலீடு செய்யலாம். பத்து லட்சத்தைப் பங்கில் போட்டால் என்ன என்று கேட்கும் இளைஞர் இருந்தால், அவருக்குத் தோட்டமும் தெம்பும் இருக்கிறது, போடட்டும். அறுபதைக் கடந்தவர் வேண்டாம்.

வரி விஷயத்தில் நம்மவர் ஏமாறுவது வழக்கம். விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை என்பதால், அந்தப் பணத்தில் வந்த வட்டிக்கும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். வட்டியும் டிவிடெண்டும் விவசாய வருமானம் அல்ல. 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டுக்கு வரி கட்டும் பொறுப்பு பங்கு வைத்திருப்பவருடையது. அதற்கு முன் கம்பெனியே கட்டி வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து ஒரு கம்பெனி ஓராண்டில் 10,000 ரூபாய்க்கு மேல் டிவிடெண்டு தந்தால் 10 சதவீதம் பிடித்துக்கொள்ளும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. நம் பக்கத்து வீடுகளில் தோட்டப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று வீட்டம்மாவுக்குத் தெரியும். டீமேட் கணக்கு எந்த பாங்கில் என்று தெரியாது. அஞ்சலகக் கணக்கிலும், பாங்கு டெபாசிட்டிலும், டீமேட் கணக்கிலும் அவர் பெயரைக் கூட்டுப் பெயராகவோ வாரிசு நியமனமாகவோ சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அரை நாள் வேலை. அடுத்த முறை அஞ்சலகத்துக்குப் போகும்போது ஆதார் அட்டையையும் அவரையும் சேர்த்தே அழைத்துப் போகலாம்.