மொட்டைக் கடுதாசிக்கு ஒரு முகவரி வேண்டும்

‘மை போலீஸ்மேன்’ படத்தைப் பார்த்த என் நண்பர்கள் பலரும் ஒரே வரியில்தான் அதைப் பற்றிச் சொல்கிறார்கள்: “பொறாமை மூணு பேரோட வாழ்க்கையையும் அழிச்சிருச்சு.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முக்கோணக் காதல், எல்லாருக்கும் இருக்கிற பலவீனம், கடைசியில் கொஞ்சம் மன்னிப்பு. ஆனால் இந்த ஒரு வரியை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கதையை முடிவு வரை சொல்லியாக வேண்டும், படம் பார்க்காதவர்கள் மன்னிக்கவும். 1957, இங்கிலாந்தின் கடலோர ஊரான பிரைட்டன். டாம் ஒரு போலீஸ்காரன். மரியன் பள்ளி ஆசிரியை. பேட்ரிக் அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவன். டாமும் பேட்ரிக்கும் காதலர்கள். ஆனால் டாம் கல்யாணம் செய்துகொள்வது மரியனை. விஷயம் தெரிய வந்ததும் அவள் ஒரு மொட்டைக் கடுதாசி போடுகிறாள். பேட்ரிக் கைதாகி ஜெயிலுக்குப் போகிறான். பல வருடங்கள் கழித்து, பக்கவாதத்தில் விழுந்த பேட்ரிக்கை மரியனே தன் வீட்டுக்குக் கூட்டிவந்து பார்த்துக்கொள்கிறாள். கடைசியில் கடுதாசி எழுதியது தான்தான் என்று டாமிடம் சொல்லிவிட்டு, இருவரையும் அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறாள்.

இப்போது ஒரு சின்னப் பரிசோதனை. பேட்ரிக்கை ஒரு பெண்ணாக மாற்றிப் பாருங்கள். மரியனின் பொறாமை அப்படியே இருக்கட்டும். அதே காகிதம், அதே ஸ்டாம்ப். என்ன நடந்திருக்கும்? ஊர் பேசும், வீட்டில் சண்டை வரும், விவாகரத்துகூட ஆகலாம். அந்தப் பெண்ணை யாரும் ஜெயிலில் போட மாட்டார்கள். எழுதிய கையில் எந்த வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் கடுதாசி போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. என் தொழில் பாஷையில் சொன்னால், ரிக்வெஸ்டை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். அதை வாங்கிச் செயல்படுத்த அந்தப் பக்கம் ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த சர்வரை 1885-ல் நிறுவினார்கள். அந்த வருடம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கொண்டுவந்த குற்றவியல் திருத்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, இரண்டு ஆண்களுக்கு இடையிலான ‘அநாகரிகச் செயலை’ குற்றமாக்கியது. அந்தச் செயல் எது என்று சட்டம் விளக்கவில்லை. தண்டனை மட்டும் தெளிவாக இருந்தது: இரண்டு வருடம் வரை சிறை. அந்தக் காலத்திலேயே அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘மிரட்டிப் பணம் பறிப்பவர்களின் சாசனம்’. அடுத்தவன் பொறாமைக்கும் பேராசைக்கும் அரசாங்கமே கத்தி தீட்டிக் கொடுத்திருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. நாம்தான் இன்னும் கத்தியை விட்டுவிட்டுப் பொறாமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பொறாமையே இல்லாமலும் அந்தச் சட்டம் வேலை செய்தது. ஆலன் டூரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சோறு தின்கிற தொழிலுக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர். 1952-ல் அவர் வீட்டில் திருட்டு. அவரே போலீஸில் புகார் கொடுத்தார். விசாரணையில் ஓர் ஆணுடன் உறவு இருந்ததை ஒப்புக்கொண்டார். திருட்டைச் சொல்லப் போனவர் குற்றவாளியாகத் திரும்பினார், அதே 11-ஆம் பிரிவில். ஜெயிலுக்குப் பதிலாக ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளச் சம்மதித்தார். 1954-ல் இறந்தார். இந்தக் கதையில் பொறாமைப்பட்ட மனைவி எங்கே இருக்கிறாள்?

“சரி, சட்டம் இருந்தது. அதைப் பயன்படுத்தச் சொல்லி மரியனை யாரும் கட்டாயப்படுத்தலையே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலும் இந்தப் படத்தின் வேரிலேயே இருக்கிறது. பெத்தன் ராபர்ட்ஸ் 2012-ல் எழுதிய நாவல்தான் 2022-ல் படமானது. அந்த நாவலுக்குத் தூண்டுதல் எழுத்தாளர் ஈ.எம். ஃபார்ஸ்டரின் வாழ்க்கை. அவர் நேசித்த பாப் பக்கிங்காமும் ஒரு போலீஸ்காரர். பாப் 1932-ல் மே என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆரம்பத்தில் மேயும் ஃபார்ஸ்டரும் முட்டிக்கொண்டார்கள், பிறகு நெருங்கினார்கள். 1970-ல், 91 வயதில், ஃபார்ஸ்டர் உயிர் விட்டது அந்தத் தம்பதியின் வீட்டில்தான்.

மே நல்லவர், மரியன் கெட்டவள் என்று இதை முடித்துவிடலாமா? 1967-ல் சட்டம் ஓரளவு தளர்ந்த வரைக்கும், 35 வருடம், ஃபார்ஸ்டரின் தலைவிதி மேயின் கையில் இருந்தது. ஒருத்தரோட சுதந்திரம் இன்னொருத்தரோட நல்ல மனசை நம்பித்தான் இருக்கணும்னா, அதுக்குப் பேர் சுதந்திரமே இல்லை. மேயின் பெருந்தன்மையைக் கொண்டாடலாம். அந்தப் பெருந்தன்மை தேவைப்பட்ட நிலைமையைக் கொண்டாட முடியாது.

மரியன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்றும் சொல்லிவிடுகிறேன். அவளும் ஏமாற்றப்பட்டவள். வெளியே சொல்ல முடியாத காதலை மறைக்க டாமுக்கு ஒரு மனைவி தேவைப்பட்டாள். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. பேட்ரிக்கை ஜெயிலுக்கு அனுப்பிய அதே சட்டம்தான் அவளுக்கு அந்தப் பொய்க் கல்யாணத்தையும் கொடுத்தது. இதைப் ‘பொறாமை’ என்று சுருக்கினால் அவளுக்குமே அநியாயம்.

இவ்வளவு சூடாக எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. 377-ஆம் பிரிவு 1860-ல் பிரிட்டிஷ்காரர்கள் நமக்கு எழுதிக் கொடுத்தது. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பல்லைத் திரும்பக் கட்டிக் கொடுத்தது. நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த சில மாதங்களில் எங்கள் ஹாஸ்டல் வார்டனுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது, எங்கள் தளத்தில் இருந்த ஒருத்தனைப் பற்றி. அவன் அப்பாவை வரச் சொன்னார்கள். அவர் ஆபீஸ் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு மணி நேரத்தில் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு ராத்திரி மெஸ்ஸில் நாங்கள் அதை வைத்து ஜோக்கடித்தோம். நானும் சிரித்தேன்.

அதற்கப்புறம் எப்போது சந்தித்தாலும் எங்களுக்குள் ஒரே கேள்விதான்: “யார்ரா எழுதியிருப்பான்?” ஒருத்தன் பொறாமையில் எழுதினான் என்பான், இன்னொருத்தன் பழைய சண்டை என்பான். அப்படி ஒரு கடுதாசியை வாங்கி, பிரித்துப் படித்து, அப்பாவுக்கு போன் போடும் அதிகாரம் ஓர் ஆபீஸுக்கு எப்படி வந்தது என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பு வந்தபோது வாட்ஸ்அப் குரூப்பில் வானவில் போட்டவர்களில் நானும் உண்டு. அவன் அந்தக் குரூப்பில் இல்லை.

படத்தின் கடைசியில் டாம் பேட்ரிக்கின் தோளைத் தொடுகிறான். தியேட்டராக இருந்தால் விசும்பல் கேட்கும். மரியன் உண்மையைச் சொல்லிவிட்டாள், கணக்கு நேராகிவிட்டது என்று படம் நம்மை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. எழுதியவளாவது ஒப்புக்கொண்டாள். கடுதாசியை வாங்கிக்கொண்டவர்கள் அந்தக் கடைசிக் காட்சியில் எங்கேயும் இல்லை.