கும்பக்கரைக்கு மேலே

கும்பக்கரை அருவிக்குத் தண்ணீர் கொடைக்கானல் பாம்பாற்றிலிருந்து வருகிறது. அந்தப் பாம்பார் சோலையை ஒட்டித்தான் இந்துஸ்தான் யுனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001இல் வெளிக்கொண்டு வந்தவர்கள் ஊர்மக்கள். அதன்பிறகே ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திரும்பியது.

சுத்தம் செய்தபின் ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாம் என்றார்கள். கொடைக்கானல் மக்கள் எதிர்த்தார்கள். ஆலை தனியாருடையது, சோலை அரசுக் காடு, தண்ணீர் கீழே இருக்கும் பெரியகுளத்துக்கும் சொந்தம்.

மாதிரி எடுக்கும்போது ஊரார் உடன் நிற்கட்டும். மண், நீர், மீன் பரிசோதனை முடிவுகளைக் கிராமசபையில் தமிழில் வாசிக்கட்டும். கண்டுபிடித்தவர்களுக்குச் சரிபார்க்கத் தெரியாதா?