அரிஸ்டாட்டில் சொன்னால் ஆயிற்றா?

கிரேக்க தேசத்து ஞானிகளின் தத்துவமே ஐரோப்பிய நாகரிகத்திற்கு அஸ்திவாரம் என்று படித்தவர்கள் சொல்லுகிறார்கள். அது பொய்யல்ல. ஆனால் அந்தத் தத்துவத்தில் எதனால் மனிதனுக்கு நன்மை வந்தது, எதனால் கேடு வந்தது என்று பிரித்துச் சொல்லுகிறவர்கள் குறைவு.

கி.மு. 384-ல் பிறந்த அரிஸ்டாட்டிலையே எடுத்துக் கொள்ளுவோம். இவர் பிளேட்டோவின் பள்ளியில் 20 வருஷம் இருந்தவர். அப்படியிருந்தும், சரியென்று தோன்றாத இடத்தில் குருவையே மறுத்து எழுதினார். முட்டைக்குள் குஞ்சு எப்படி உண்டாகிறதென்று நாளுக்கு நாள் பார்த்து, மூன்று நாள் சென்றதும் இரத்தப் புள்ளி போல் இருதயம் துடிப்பதை எழுதி வைத்தார். தேனீக்களைப் பற்றிச் சொல்லுகையில், வாதத்தைவிடக் கண்ணால் கண்டதையே நம்ப வேண்டும் என்றார். அக்காலத்தில் இது சாமானியமான காரியமல்ல.

நிற்க. பின்னால் வந்தவர்கள் செய்ததென்ன? 13-வது நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் முதலிய பாதிரிமார் அவரது தத்துவத்தைத் தங்கள் மதத்தோடு பிணைத்தார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு 300 வருஷத்திற்கு முன்பே செத்துப்போனவர் கிறிஸ்தவ மதத்திற்குத் தூணாகி விட்டார்! கனமான பொருள் அதன் கனத்திற்குத் தக்கபடி வேகமாக விழும் என்று அவர் சொல்லியிருந்தார். பெரிய கல்லையும் சிறிய கல்லையும் ஒன்றாய்க் கீழே போட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். 6-வது நூற்றாண்டிலேயே அலெக்ஸாந்திரியாவில் பிலோபொனஸ் என்பவர் அவர் சொன்னது தப்பென்று எழுதியும் விட்டார். யார் கேட்டார்கள்? 1624-ல் கூட, ஒப்புக்கொள்ளப்பட்ட பழைய ஆசிரியர்களுக்கு விரோதமாகப் போதித்தால் மரண தண்டனை என்று பாரிஸ் நகரத்து உயர்ந்த நியாயஸ்தலம் உத்தரவு போட்டது.

கல் எப்படி விழுந்தாலும் போகட்டும். சில மனிதர்கள் இயற்கையிலேயே அடிமைகள், எஜமானுக்கு அடங்கியிருப்பதே அவர்களுக்கு நன்மை என்று தமது அரசியல் நூலில் எழுதினாரே, அதை எப்படிப் போகட்டும் என்பது? 1550-ல் ஸ்பெயின் தேசத்து வல்லடோலிட் நகரில், அமெரிக்கப் பழங்குடிகளை யுத்தம் செய்து அடக்குவது நியாயமா என்று ஒரு சபை கூடி விவாதித்தது. நியாயமே என்றார் செபுல்வேதா என்ற பண்டிதர். அவருக்கு முக்கிய ஆதாரம் அரிஸ்டாட்டிலின் மேற்படி வாக்கு. இந்தப் பண்டிதர் அமெரிக்காவைக் கண்ணால் கண்டவரே அல்ல! எதிர்த்து வாதாடிய லாஸ் காஸாஸ் பாதிரியார் அந்த ஜனங்களோடு பல வருஷம் வாழ்ந்தவர். அவர்கூட ஓரிடத்தில் அரிஸ்டாட்டிலை ஒதுக்கித் தள்ளினாரே தவிர, பெரும்பாலும் அவர் சொன்ன அடிமைகள் இவர்களல்ல என்றுதான் வாதாட வேண்டியிருந்தது. 1,800 வருஷத்திற்கு முந்திய ஓர் எழுத்துக்கு அவ்வளவு பயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடிமைத்தனம் இயற்கையல்ல, வெறும் சட்டமும் பலாத்காரமுமே என்று சொன்னவர்கள் அந்தக் கிரேக்கர்களுக்குள்ளேயே இருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் அரிஸ்டாட்டில் அப்படி எழுதினார். அவர்கள் யார் யார் என்று அவ்விடத்தில் அவர் பெயர்கூடக் குறிக்கவில்லை.